முரளியின் 800-ல் அந்த ஐந்து

முத்தையா முரளிதரன் இலங்கைக்காக எடுத்த டெஸ்ட் விக்கெட் எத்தனை? கிரிக்கெட் பார்க்கிற யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 800 என்பார்கள். சரியான விடை 795. மீதி ஐந்தும் இலங்கைக்காக எடுத்ததில்லை. சொல்லப்போனால் எந்த நாட்டுக்காகவும் எடுத்ததில்லை.

2005 அக்டோபர் 14-ஆம் தேதி சிட்னியில் ஒரு மேட்ச் ஆரம்பித்தது. ஒரு பக்கம் ரிக்கி பான்டிங்கின் ஆஸ்திரேலியா. எதிர்ப்பக்கம் 'ஐசிசி உலக லெவன்' என்று ஒரு அணி. கிரேம் ஸ்மித் கேப்டன். சேவாக், திராவிட், லாரா, காலிஸ், இன்சமாம், ஃப்ளின்டாஃப், அப்புறம் நம்ம முரளி. பேப்பரில் படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாண வீட்டுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது அவர்கள் ஆடியது. 'சூப்பர் டெஸ்ட்' என்று பெயர் வைத்து ஆறு நாள் ஒதுக்கியிருந்தார்கள். நாலே நாளில் முடிந்துவிட்டது. 210 ரன் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா ஜெயித்தது. அந்த மாதிரி இன்னொரு சூப்பர் டெஸ்ட் அதற்கப்புறம் நடக்கவே இல்லை.

நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஒரே ஒரு தடவை நடந்து, யாரும் திரும்பிப் பார்க்காத மேட்ச் அது. ஆனாலும் 'இது அதிகாரப்பூர்வ டெஸ்ட்' என்று ஐசிசி முன்கூட்டியே அறிவித்திருந்ததால், அதில் ஆடிய ஒவ்வொருத்தர் வாழ்க்கைக் கணக்கிலும் அது ஒட்டிக்கொண்டது. சேவாக்கின் 8,586 டெஸ்ட் ரன்னில் இந்தியாவுக்காக அடித்தது 8,503. திராவிடின் 13,288-ல் 23 ரன் உலக லெவனுக்கு. லாராவின் 11,953-ல் 41. எதிர்ப்பக்கம் ஷேன் வார்னின் 708-ல் ஆறு விக்கெட் அந்த மேட்ச்சில் வந்தது. முரளிக்கு ஐந்து.

இங்கிலாந்தின் பிரபல ஸ்கோரர் பில் ஃப்ரிண்டால் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. டெஸ்ட் என்றால் இரண்டு நாடுகள் ஆடுவது, உலக லெவன் ஒரு நாடு கிடையாது என்று கடைசிவரை தன் புள்ளிவிவரத்தில் அந்த மேட்ச்சைச் சேர்க்கவில்லை. 2009-ல் காலமானார். அவர் நோட்டுப்படி பார்த்தால் உலகத்தில் 800 விக்கெட் எடுத்த ஆள் இன்னும் பிறக்கவில்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்குத் தெரிந்த நல்ல சட்டப் புத்தகம் தெரு கிரிக்கெட்தான். நாவலூரில் எங்கள் தெருவுக்குப் பின்னாடி இன்னும் அப்பார்ட்மென்ட் எழும்பாத காலி மனை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசங்க அங்கே ஆடுவார்கள். முதல் பந்து ட்ரையல் பால். அதில் ஸ்டம்ப் எகிறினாலும் அவுட் இல்லை, சிக்ஸர் போனாலும் ரன் இல்லை. சண்டை எப்போ வரும்னா, ஸ்டம்ப் எகிறின பிறகு பேட்ஸ்மேன் "டேய், ட்ரையல்டா" என்பான். அப்போ எல்லாருமாகச் சேர்ந்து கேட்கிற ஒரே கேள்வி: "முன்னாடியே சொன்னியா?" முன்னாடியே சொல்லியிருந்தால் செல்லாது. சொல்லவில்லை என்றால் பேட்டைக் கீழே வைத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்தச் சட்டப்படி பார்த்தால் ஐசிசி முன்னாடியே சொல்லிவிட்டது. அப்படியானால் ஐந்தும் செல்லும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஆளின் கதை இருக்கிறது.

1970-ல் தென் ஆப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வருவதாக இருந்தது. நிறவெறி அரசுக்கு எதிரான போராட்டத்தால் அந்தப் பயணம் ரத்தானது. காலியான நாட்களை நிரப்ப, கேரி சோபர்ஸ் தலைமையில் 'ரெஸ்ட் ஆஃப் தி வேர்ல்ட்' அணியைச் சேர்த்து ஐந்து மேட்ச் நடத்தினார்கள். நம்ம ஃபரோக் இன்ஜினியரும் பாகிஸ்தானின் இன்டிகாப் ஆலமும் அதில் ஆடினார்கள். டெஸ்ட் என்றுதான் ஆடினார்கள், பத்திரிகைகளும் டெஸ்ட் என்றுதான் எழுதின. லார்ட்ஸில் நடந்த முதல் மேட்ச்சில் இங்கிலாந்துக்காக ஆலன் ஜோன்ஸ் என்கிற வேல்ஸ்காரர் அறிமுகமானார். 5, 0. தொப்பி கொடுத்தார்கள், கோட்டு கொடுத்தார்கள், இங்கிலாந்து டெஸ்ட் வீரர் ஆகிவிட்டார். கொஞ்ச காலம் கழித்து, அந்த ஐந்தும் டெஸ்ட் இல்லை என்று ஐசிசி முடிவு செய்தது. ஜோன்ஸ் மறுபடி இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. முதல்தர கிரிக்கெட்டில் அவர் அடித்தது 36,049 ரன். டெஸ்ட்டே ஆடாதவர்களில் அதிக ரன் அடித்தவர் என்ற 'பெருமை' அவருக்குத்தான். ஐம்பது வருஷம் கழித்து, 2020-ல், இங்கிலாந்து வாரியம் 696 என்ற எண்ணோடு அவருக்கு மறுபடி ஒரு தொப்பி கொடுத்தது. தொப்பிதான். டெஸ்ட் கணக்கு இன்னும் பூஜ்யம்தான்.

அந்தத் தொடரில் சோபர்ஸ் 588 ரன் அடித்து 21 விக்கெட் எடுத்தார். அதில் ஒன்றுகூட அவருடைய 8,032 ரன்னிலும் 235 விக்கெட்டிலும் இல்லை. சோபர்ஸுக்கு அது போனால் போகட்டும், பெரிய பணக்காரர் பர்ஸில் ஐம்பது ரூபாய் காணாமல் போன மாதிரி. ஜோன்ஸுக்கு இருந்ததே அந்த ஒரு நோட்டுதான்.

இந்தக் குழப்பமெல்லாம் சிட்னிக்கும் லார்ட்ஸுக்கும் மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். நாவலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிற சேப்பாக்கத்துக்கு வாங்க. 2007 ஜூன் 10-ஆம் தேதி அங்கே ஆசிய லெவனும் ஆப்பிரிக்க லெவனும் ஒரு ஒருநாள் மேட்ச் ஆடின. தோனி 139 நாட் அவுட். அவரும் ஜெயவர்தனாவும் ஆறாவது விக்கெட்டுக்கு 218 ரன் சேர்த்தார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. ஆசியா என்கிற நாட்டுக்கு பாஸ்போர்ட் கிடையாது, இருந்தாலும் அந்த ரன் எல்லாம் செல்லும். விளைவு என்னவென்றால், தோனி ஒருநாள் போட்டியில் பத்தாயிரம் ரன்னை இரண்டு தடவை தொட்டார்! 2018 ஜூலையில் லார்ட்ஸில் ஒரு தடவை, ஆசிய லெவன் ரன்னையும் சேர்த்து. 2019 ஜனவரியில் சிட்னியில் இன்னொரு தடவை, இந்தியாவுக்காக மட்டும். இரண்டு தடவையும் டிவியில் கிராஃபிக்ஸ் போட்டார்கள், இரண்டு தடவையும் நாம் கை தட்டினோம்.

அதே சேப்பாக்கத்தில்தான் 2008 மார்ச்சில் திராவிட் டெஸ்ட்டில் பத்தாயிரத்தைத் தொட்டார். சேவாக் 319 அடித்த மேட்ச், அதனால் திராவிடை யாருக்கும் ஞாபகமில்லை. (திராவிடுக்கு எப்பவுமே இதுதான் விதி.) அந்தப் பத்தாயிரத்துக்குள்ளும் சிட்னியின் 23 ரன் உட்கார்ந்திருந்தது.

சரி, இந்த நோண்டலில் நான் எப்படி இறங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓஎம்ஆர் பக்கம் வேலை என்றால் ராத்திரி அமெரிக்கா கால் இல்லாமல் முடியாது. ஒருநாள் மீட்டிங்குக்கு ஆள் சேரும்வரை அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தார். 714, 755, 762 என்று வரிசையாக எண்களைச் சொல்லிவிட்டு, "உங்கள் கிரிக்கெட்டில் இப்படி ஊருக்கே தெரிந்த நம்பர் உண்டா?" என்று கேட்டார். 800 என்றேன். அவர் சொன்ன மூன்று எண்களையும் அன்றைக்கு ராத்திரியே தேடிப் படித்தேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

பேஸ்பாலில் ஹோம் ரன் என்பது கிட்டத்தட்ட நம்ம சிக்ஸர். பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு நாலு மூலையையும் சாவகாசமாகச் சுற்றி வரலாம். ஒருவர் ஆயுள் முழுக்க எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்பதுதான் அந்த நாட்டில் விளையாட்டு எண்களுக்கெல்லாம் அரசன். பேப் ரூத் 1935-ல் ஓய்வு பெறும்போது 714. முப்பத்தொன்பது வருஷம் அசையாமல் நின்ற எண். 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் 715-ஐ அடித்தார். அதற்கு முந்தைய மாதங்களில் அவருக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. நிறைய பேர் வாழ்த்தினார்கள். நிறைய பேர், வெள்ளைக்காரர் ரூத்தின் எண்ணை ஒரு கறுப்பர் தாண்டினால் கொல்வோம் என்று எழுதினார்கள்.

நம்ம பக்கம் இதற்கு இணை என்றால் பிராட்மனின் 29 சதம். அதைத் தாண்டிய 30-வது சதத்தை கவாஸ்கர் 1983 டிசம்பரில் அடித்ததும் சேப்பாக்கத்தில்தான். வழக்கமாக முதலில் இறங்குகிறவர் அன்றைக்கு நாலாவதாக இறங்கலாம் என்று இருந்தார். மால்கம் மார்ஷல் முதல் இரண்டு விக்கெட்டையும் ஸ்கோர் பூஜ்யத்திலேயே எடுத்துவிட்டதால், நாலாவதாகப் போனாலும் ஸ்கோர்போர்டில் ஒன்றுமில்லை. 236 நாட் அவுட். யாரும் அவருக்குக் கொலை மிரட்டல் அனுப்பியதாக வரலாறு இல்லை. அந்த வகையில் நாம் நல்லவர்கள்.

ஆரன் 755-ல் நிறுத்தினார். 2007-ல் பேரி பாண்ட்ஸ் அதைத் தாண்டி, கடைசியில் 762-ல் நின்றார். ஊக்க மருந்து சந்தேகம் அவரைச் சுற்றியிருந்தது. அவர் அடித்த 756-வது பந்தை ஏலத்தில் எடுத்த ஒரு ஃபேஷன் டிசைனர், அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தினார். ஜனங்கள் சொன்னபடி பந்தில் ஒரு நட்சத்திரக் குறி பொறித்து மியூசியத்துக்குக் கொடுத்தார். 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று அர்த்தம். ஜப்பானில் சதஹாரு ஓ 868 அடித்திருக்கிறார். அப்பா சீனர், பிறந்து வளர்ந்தது டோக்கியோ. ஜப்பானியக் குடியுரிமை இல்லாமலேயே ஜப்பானின் பெரிய ஹீரோ ஆனவர். 868 என்பது 762-ஐ விட நூற்றுக்கு மேல் அதிகம். ஆனால் அது ஜப்பான் லீக், அமெரிக்கக் கணக்கில் வராது.

என்னைப் பிடித்து நிறுத்தியது இவர்கள் யாரும் இல்லை, ஜாஷ் கிப்சன். கறுப்பர்களை மேஜர் லீக்கில் சேர்க்காத காலத்தில், அவர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீக்குகளில் ஆடியவர். கூப்பர்ஸ்டவுன் மியூசியத்தில் அவர் பெயருக்கு இருக்கிற பட்டயம், அவர் கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் அடித்ததாகச் சொல்கிறது. அதே 800! லீக் மேட்ச், ஊர் ஊராகப் போய் ஆடிய மேட்ச் எல்லாம் சேர்த்த கணக்கு. 2024-ல் மேஜர் லீக் நிர்வாகம் நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களைத் தன் கணக்கில் சேர்த்தபோது, பேட்டிங் சராசரியில் கிப்சன் எல்லாருக்கும் மேலே போய்விட்டார். ஆனால் ஹோம் ரன் எண்ணிக்கை இருநூறுகூட வரவில்லை. லீக் மேட்ச்சாக இருக்க வேண்டும், ஸ்கோர் ஷீட் கிடைக்க வேண்டும், அப்படியிருந்தால்தான் செல்லும். ஊர் ஊராகப் போய் அடித்ததெல்லாம் ட்ரையல் பால்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பேப் ரூத்தின் 714-ல் ஒன்றுகூட, மேஜர் லீக்குக்குள் வர அனுமதியே இல்லாத கறுப்புப் பந்துவீச்சாளர்களை எதிர்த்து அடித்ததில்லை. அந்த எண்ணுக்கு ஏன் நட்சத்திரக் குறி போடவில்லை என்று யாரும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை.

கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் நுழைந்து கதவைத் திறந்தார்.

அதே 1947-ல் சேப்பாக்கத்தில் ஒரு தமிழர் 215 ரன் அடித்தார். மகாதேவன் சதாசிவம். சிலோன் அணிக்காக, தென்னிந்திய அணிக்கு எதிராக. கொழும்புவில் அவரை நேரில் பார்த்த தலைமுறை அவரைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும் என்பார்கள். 1948-ல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்புவில் இறங்கி ஒருநாள் ஆடியபோது சிலோனின் கேப்டன் அவர்தான். (அந்த மேட்ச்சில் பிட்ச் 22 கஜத்துக்கு பதில் 20 கஜம்தான் இருந்தது. கணக்கு பிசகுவது எண்களில் மட்டும் இல்லை.) சதாசிவத்தின் டெஸ்ட் ரன் பூஜ்யம், டெஸ்ட் மேட்ச்சும் பூஜ்யம். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல். முதல் டெஸ்ட் ஆடியது 1982 பிப்ரவரியில். சதாசிவம் 1977-லேயே போய்விட்டார். இலங்கை இந்தியாவில் ஆடிய முதல் டெஸ்ட்டும் சேப்பாக்கத்தில்தான், 1982 செப்டம்பரில். துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சரியாக 105, 105 அடித்தார். இரண்டும் செல்லும். 35 வருஷம் முன்னால் அதே மைதானத்தில் அடித்த 215 செல்லாது. மைதானம் ஒன்றுதான், நடுவில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில் முரளியைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். மலையகத் தமிழர்களுக்கு, கணக்கில் சேர்ப்பது விடுவது என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. 1948-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு அவர்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். முரளி குடும்பத்திலேயே தாத்தா திருச்சிக்குத் திரும்பினார், அப்பா கண்டியிலேயே தங்கி பிஸ்கட் ஃபேக்டரி வைத்தார். 1977 கலவரத்தில் அவர்கள் தாக்கப்பட்டதை முரளியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு ஐந்து வயது.

'800' என்ற பெயரில் அவர் வாழ்க்கையைப் படமாக எடுக்கப் போனபோது தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 அக்டோபரில் எதிர்ப்பு கிளம்பி விஜய் சேதுபதி விலகினார். 2023-ல் வேறு நடிகரை வைத்துப் படம் வந்தது. போர் முடிந்ததைப் பற்றி முரளி பேசியவற்றில் எனக்கும் உடன்பாடு இல்லாதவை உண்டு. ஆனால் 'அவர் தமிழரே இல்லை' என்று சிலர் அப்போது எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த 1964 ஒப்பந்தம்தான் ஞாபகம் வந்தது. திரும்பவும் ஒரு பட்டியல், திரும்பவும் ஒரு அடித்தல்.

மைதானத்திலும் அவரைக் கணக்கிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். அம்பயர் டாரல் ஹேர் மூன்று ஓவரில் ஏழு தடவை நோ-பால் என்று கை நீட்டினார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் 'மாங்கா'. நோ-பால் என்றால் அந்தப் பந்து ஓவர் கணக்கிலேயே வராது. திரும்பப் போட வேண்டும். முரளி மறுமுனைக்கு மாறி ஸ்டீவ் டன் பக்கத்திலிருந்து போட்டார், ஒரு நோ-பாலும் இல்லை. அடுத்த மாதமே பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் நோ-பால் கொடுத்தார். 1999-ல் அடிலெய்டில் எமர்சன் மறுபடி ஆரம்பித்தபோது ரணதுங்கா அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் என்னவென்றால், முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசாக நீளாது. மடங்கியே இருக்கிற கையைப் பார்க்கிறவர் கண்ணுக்கு எறிகிற மாதிரி தெரியும். 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கேமரா வைத்து அளந்தார்கள். அப்புறம் மற்ற பந்துவீச்சாளர்களையும் அளக்க ஆரம்பித்தபோதுதான் தமாஷ். கை சுத்தம் என்று பெயர் வாங்கியவர்கள் உட்பட கிட்டத்தட்ட எல்லாருமே கொஞ்சம் மடக்கி நீட்டுகிறார்கள்! 2005-ல் எல்லாருக்கும் பொதுவாக 15 டிகிரி என்று எல்லை போட்டார்கள். முரளிக்காகச் சட்டத்தையே வளைத்தார்கள் என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணால் தீர்ப்பு சொன்ன காலம் போய் அளந்து சொல்கிற காலம் வந்தது. வரவழைத்தது முரளியின் கை. இப்போது அப்படி அளக்கிற இடங்களில் ஒன்று நம்ம போரூர் ராமச்சந்திராவில் இருக்கிறது. பாகிஸ்தானின் சயீத் அஜ்மல்கூட 2015-ல் சென்னைக்கு வந்து கையைக் காட்டிவிட்டுத்தான் போனார்.

800-ஐக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. ஜிம்பாப்வே, பங்களாதேஷ் இரண்டையும் கழித்தால் 624. சொந்த மண்ணில் எடுத்த 493-ஐக் கழித்தால் 307. டீக்கடையில் இதைச் சுகமாகச் செய்துகொண்டே போகலாம், கடைசியில் பூஜ்யத்தில் வந்து நிற்கும். இந்தக் கழித்தல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் எதிரணியைத் தேர்ந்தெடுத்தது முரளி இல்லை. சிட்னியின் ஐந்து மட்டும் வேறு மாதிரி. அதைக் கழித்தால் எண் மட்டும் மாறாது, அவர் எடுத்த ஒரு முடிவே மாறியிருக்கும்.

2010 ஜூலை. காலே மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட்டோடு ஓய்வு பெறப் போவதாக முரளி முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அப்போது கையில் இருந்தது 792. எட்டு வேண்டும், ஒரே மேட்ச்சில். 22 தடவை மேட்ச்சுக்குப் பத்து விக்கெட் எடுத்தவருக்கு எட்டு என்பது கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. சிட்னி இல்லையென்றால் அவர் கையில் 787 இருந்திருக்கும். பதின்மூன்று தேவைப்படும்போது 'இந்த மேட்ச்சோடு போதும்' என்று எந்த மனிதனும் அறிவிக்க மாட்டான். தொடரை முழுசாக ஆடியிருப்பார், அல்லது எண்ணை மறந்துவிட்டுப் போயிருப்பார். காலேயில் நடந்த அந்த நாடகம் மட்டும் நடந்திருக்காது.

நாடகம்தான் அது. இலங்கை 520 அடித்து டிக்ளேர் செய்தது. இரண்டாம் நாள் முழுக்க மழை. முதல் இன்னிங்ஸில் முரளி 63 ரன்னுக்கு 5. டெண்டுல்கரும் அதில் ஒருவர். 797. இந்தியா ஃபாலோ-ஆன். நாலாம் நாள் முடியும் நேரத்தில் யுவராஜ், 798. கடைசி நாள் ஹர்பஜன், 799. அப்புறம் விழவே இல்லை. லக்ஷ்மண் ஒரு பக்கம் நங்கூரம் போட்டு நின்றார். அவரை ரன் அவுட் ஆக்கியபோது காலேயில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்களா துக்கப்பட்டார்களா என்றே சொல்ல முடியாது, ஏனென்றால் அது ஒன்பதாவது விக்கெட். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த இன்னிங்ஸில் மலிங்கா ஏற்கெனவே ஐந்து எடுத்திருந்தார். அந்த ஒன்றையும் அவர் எடுத்துவிட்டால் 799-ல் நின்றுபோகும். கடைசி ஜோடி இஷாந்த் ஷர்மாவும் பிரக்யான் ஓஜாவும். பேட்டிங் தெரியாத இரண்டு பேர் அன்றைக்கு என்ன நினைத்தார்களோ, லேசில் அவுட் ஆகவில்லை. முரளி போட்டுக்கொண்டே இருந்தார். 45-வது ஓவரின் நாலாவது பந்து, ஓஜா விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் ஜெயவர்தனா கைக்குப் போனது.

அது முரளியின் கடைசிப் பந்தும்கூட. 95 ரன் இலக்கை இலங்கை விக்கெட் இழக்காமல் அடித்து முடித்தது.

என் கருத்தைக் கேட்டால், சிட்னி மேட்ச்சுக்கு டெஸ்ட் அந்தஸ்து கொடுத்திருக்கக் கூடாது. அது ஒரு காட்சிப் பொருள். ஃப்ரிண்டால் சொன்னது நியாயம். ஆனால் கொடுத்த பிறகு பிடுங்கக் கூடாது, அதை ஆலன் ஜோன்ஸிடம் செய்து பார்த்தாயிற்று. ஆகவே 800 செல்லும். 795 என்பதும் உண்மை. தோனிக்கு இரண்டு பத்தாயிரம் இருக்கிற மாதிரி முரளிக்கு இரண்டு எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சதாசிவத்தின் 215-ஐயும் ஓரமாக எழுதி வைக்கலாம், டெஸ்ட் என்று இல்லை, சேப்பாக்கம் 1947 என்று.

800-வது ஆளான ஓஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருஷம் கழித்து, 2013 நவம்பரில் மும்பையில் இன்னொரு பெரிய வழியனுப்புதல் நடந்தது, டெண்டுல்கரின் 200-வது டெஸ்ட். அந்த மேட்ச்சில் பத்து விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனது ஓஜாதான். அன்றைக்கு யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் அவர் பந்துவீச்சு சட்டப்படி இல்லை என்று சொல்லி பிசிசிஐ அவரை நிறுத்திவைத்தது. அதே 15 டிகிரி. சீக்கிரமே சரி என்று அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதற்குள் இந்திய அணியில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். 24 டெஸ்ட், 113 விக்கெட். மும்பையில் எடுத்த அந்தப் பத்துதான் கடைசி.